கியர் பெட்டியை இறக்குவதற்கு முன்: அக்கரப்பத்தனையில் ஒரு கொரொல்லா

கடந்த ஜூலையில், தென்மேல் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கார் கியருக்கு விழவில்லை. வந்து பார்த்தவர் கியர் பெட்டி முடிந்துவிட்டது என்கிறார். கொழும்பிலிருந்து பழைய பெட்டி ஒன்றை எடுத்துப் போட வேண்டுமாம். நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள், அதன்பிறகு முற்பணத்தைக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். கேட்ட தொகையையும் சொன்னார். ஓய்வூதியத்தில் பல மாதங்களை விழுங்கும் தொகை அது. "மாஸ்டர், நான் வரும்வரை யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை, என் கராஜ் இருக்கும் தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாகப் போகும் பஸ்ஸில் கருவிப் பையுடன் ஏறினேன்.

காரோ 1994 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 100 வரிசைக் கொரொல்லா. ஐந்து கியர், கையால் மாற்றுவது. இவ்வளவு பழைய காரை ஏன் இன்னும் வைத்திருக்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 இன் தொடக்கத்தில்தான். அதற்குள் விலை எங்கேயோ போய்விட்டது. மலையகத்தில் முப்பது வயதுக் கார்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளைப் போல இன்றும் உழைக்கின்றன. மாஸ்டரின் மனைவிக்கு மாதந்தோறும் நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிளினிக். அந்த ஒரு பயணத்துக்காகவே அவர் இந்தக் காரைக் காப்பாற்றி வருகிறார். ஆகவே அன்று என் முன்னால் இருந்தது ஓர் இயந்திரக் கோளாறு மட்டுமல்ல.

வீட்டு முற்றத்தில் மூடுபனி. கார் நனைந்து நின்றது. பிடியை விடாமல் நடந்ததையெல்லாம் கேட்டேன். கோளாறு திடீரென்று வரவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் ரிவர்ஸ் போடும்போது மட்டும் 'கர்' என்று பல் உரசும் சத்தம். பிறகு முதல் கியர் ஒரே முறையில் விழாமல், நியூட்ரலுக்கு வந்து மறுபடி தள்ள வேண்டியதாயிற்று. மூன்று வாரங்களாக எதுவுமே விழவில்லை. இடையில் ஒருமுறை கிளினிக் தேதி வந்தபோது, என்ஜினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி சாவியைத் திருப்பிக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார். கார் ஒரு துள்ளலோடு கிளம்பியதாம். தோட்டத்துப் பாதையில், ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் அப்படிக் கிளப்புவது எவ்வளவு ஆபத்து என்று அவரிடம் சொன்னேன். அவர் தலைகுனிந்தார். அவரைக் குறை சொல்லவில்லை; வேறு வழி தெரியாதபோது மனிதர் அப்படித்தான் செய்வார்.

ஆனால் அந்தத் துள்ளல் எனக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிட்டது.

முதல் பத்து நிமிடம்

கியர் விழாத காரில் நான் முதலில் தொடுவது சாவியை அல்ல, கியர்க் கம்பியை. என்ஜின் ஓடாத நிலையில் ஒன்று முதல் ஐந்து வரையும் ரிவர்ஸும் விழுகின்றனவா என்று பார்த்தேன். ஆறும் விழுந்தன. சற்று இறுக்கமாக விழுந்தன, ஆனால் விழுந்தன. 'இறுக்கம்' என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். அந்த அடிக்கோட்டுக்குப் பிறகு வேலை வந்தது.

பிறகு நான்கு சக்கரங்களுக்கும் கருங்கல் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, முன்னால் யாரும் நிற்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு என்ஜினைக் கிளப்பினேன். கிளட்சை முழுவதும் மிதித்து, ஐந்து வினாடி பொறுத்து, ரிவர்ஸுக்குத் தள்ளினேன். பல் உரசியது. முதல் கியர் வாசலிலேயே நின்றது. பிறகு என்ஜினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி சாவியைத் திருப்பினேன். கல்லை முட்டிக்கொண்டு கார் முன்னே துள்ளியது.

இதில் ஊகம் எதுவுமில்லை. கிளட்சை மிதித்தால் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையிலான தொடர்பு அறவே அறுந்துவிட வேண்டும். பெட்டியின் உள்தண்டு சில வினாடிகளில் சுற்றுவதை நிறுத்திவிடும். அறாவிட்டால் தண்டு என்ஜினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். நின்ற பஸ்ஸில் ஏறுவதற்கும் ஓடும் பஸ்ஸில் ஏறுவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது. முன்னோக்கிய கியர்களில் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையங்கள் இருப்பதால் அவை உள்ளே விடாமல் மறுக்கும். இந்தப் பெட்டியில் ரிவர்ஸுக்கு அந்த வளையம் இல்லாததால் அது நேராகப் பல்லோடு பல் மோதிச் சத்தமிடும். மாஸ்டர் முதன்முதலில் ரிவர்ஸில் சத்தம் கேட்டதற்குக் காரணம் இதுவே. ரிவர்ஸ்தான் கிளட்சின் முதல் சாட்சி.

என்ஜின் நின்றிருக்கும்போதும் கியர் விழவில்லை என்றால் கதை வேறு. அப்போது கியர்க் கம்பியிலிருந்து பெட்டிக்குப் போகும் இரண்டு கேபிள்கள், அவற்றின் முனையில் உள்ள பிளாஸ்டிக் கிண்ணங்கள், பெட்டிக்குள் இருக்கும் கவைகள் என்று தேட வேண்டும். அந்தக் கிண்ணம் கழன்று கேபிள் தொங்கிக்கொண்டிருந்த காரையும் 'பெட்டி போய்விட்டது' என்று சொல்லி இழுத்து வந்ததைக் கண்டிருக்கிறேன்.

தானியங்கிக் கியர் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். கம்பி 'பி' என்ற நிறுத்த நிலையிலிருந்து அசையவில்லை என்று அழைப்பவர்களிடம் நான் கேட்கும் முதற்கேள்வி, பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதே. அந்த விளக்கை எரியவைக்கும் சிறிய சுவிட்சுதான் கம்பியின் பூட்டுக்கும் அனுமதி கொடுக்கிறது. விளக்கு எரியவில்லை என்றால் சுவிட்சையும் பியூஸையும் பார்க்க வேண்டும். அவசரத்துக்குப் பல கார்களில் கம்பியின் அருகே ஒரு சிறிய மூடி இருக்கும். அதன் கீழ் உள்ள பூட்டை அழுத்தினால் கம்பி விடுபடும்.

சரி, மாஸ்டரின் காருக்கு வருவோம். கிளட்ச் விடவில்லை என்பது உறுதியாயிற்று. ஏன் விடவில்லை?

அளவுகோல் சொன்னது

முன்பு பார்த்தவரும் கிளட்சை எண்ணிப் பார்க்காமல் இல்லை. கிளட்ச் பம்பின் எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்: எண்ணெய் நிறைந்திருந்தது. காரின் அடியில் பார்த்திருக்கிறார்: ஒரு துளி ஒழுக்கும் இல்லை. "பம்பில் குறையில்லை, ஆகவே பெட்டிதான்" என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். அவரும் இதே மழையிலும் சேற்றிலும் முதுகை நனைத்து உழைப்பவர்தான். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் நம்பவில்லை. ஆனால் 'எண்ணெய் இருக்கிறது' என்பதும் 'எண்ணெய் தன் வேலையைச் செய்கிறது' என்பதும் ஒன்றல்ல.

இந்தக் காரில் கிளட்ச் மிதி ஒரு மேல் பம்பைத் தள்ளுகிறது. அது பிரேக் எண்ணெயை ஓர் இரும்புக் குழாய் வழியாகவும், பிறகு ஒரு சாண் நீள ரப்பர்க் குழாய் வழியாகவும் கியர் பெட்டியின் மேல் உள்ள கீழ் பம்புக்கு அனுப்புகிறது. கீழ் பம்பிலிருந்து ஒரு குறுங்கம்பி வெளியே வந்து கவையைத் தள்ள, கவை கிளட்சை விடுவிக்கிறது. வெளியில் இருந்து பார்க்கக்கூடியது அந்தக் குறுங்கம்பி ஒன்றுதான். அதைத்தான் அளக்க வேண்டும்.

மாஸ்டரை உட்கார வைத்து, "மெதுவாக முழுவதும் மிதியுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள்" என்றேன். கைவிளக்கின் வெளிச்சத்தில் இரும்பு அளவுகோலைக் கம்பியின் அருகே பிடித்தேன். 7 மில்லிமீற்றர். மூன்று முறை அடுத்தடுத்து மிதித்துப் பிடிக்கச் சொன்னேன்: 9. அப்படியே பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் குறைந்தது.

இதே வரிசைக் கார் ஒன்றில் முன்பு வேறொரு வேலைக்காகக் கிளட்சைத் தொட்டபோது நான் அளந்து எழுதி வைத்த எண் என் குறிப்பேட்டில் இருந்தது: 13. நல்ல நிலையில் இருக்கும் வாகனத்தை அளந்து வைப்பது வீண் வேலை என்று என்னிடம் வேலை பழகும் பையன்கள் நினைப்பதுண்டு. கோளாறான வாகனம் வரும்போதுதான் அந்த எண் பேசும்.

ஆறு மில்லிமீற்றர் குறைவது பெரிதா என்று கேட்கலாம். கீழ் பம்பின் கம்பி 13 மில்லிமீற்றர் நகர்ந்தாலும், கவையையும் வில்தட்டின் விரல்களையும் தாண்டி கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் அழுத்துத் தட்டு விலகும் தூரம் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கே வரும். கம்பியின் முதல் சில மில்லிமீற்றர் தளர்வை எடுப்பதிலேயே போய்விடும். மிஞ்சிய பகுதிதான் தட்டை விடுவிக்கிறது. அந்த மிஞ்சிய பகுதிதான் இந்தக் காரில் காணாமற் போயிருந்தது.

இந்த ஓர் அளவு இன்னொரு முக்கியமான சந்தேகத்தையும் தீர்த்தது. மூன்று வாரம் மழையில் நின்ற கார் என்றதும் எங்கள் பகுதியில் உடனே நினைவுக்கு வருவது துரு. ஈரம் உட்புகுந்து கிளட்ச் தட்டு என்ஜினோடு சுற்றும் பறக்கும் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்வது மலையகத்தில் புதிதல்ல. ஆனால் அப்படி ஒட்டியிருந்தால் கம்பி முழுத் தூரமும் நகரும். தட்டு மட்டும் விடாது. அந்த நிலையில், அல்லது வில்தட்டின் விரல் முறிந்திருந்தாலோ, தட்டு வளைந்திருந்தாலோ, கவை தேய்ந்திருந்தாலோதான் பெட்டியை இறக்க வேண்டும். கம்பி முழுத் தூரம் போகவில்லை என்றால் பெட்டியில் கை வைக்க ஒரு காரணமும் இல்லை. இறக்குவதா, வேண்டாமா என்ற கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் ஓர் அளவுகோல் விடை சொல்கிறது. இதை நான் உரத்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெட்டியை இறக்கிய பிறகு உண்மை தெரிந்தாலும் இறக்கிய கூலியை யாரும் திருப்பித் தருவதில்லை.

மிதியின் அடியில் தடித்த கம்பளம் மடிந்து கிடந்து மிதியைத் தடுக்கிறதா என்றும் பார்த்தேன். இல்லை.

தேநீர்க் குவளையில் ஒரு துளி

எண்ணெய் இருக்கிறது, வெளியே ஒழுக்கில்லை, கம்பி மட்டும் குறைவாக நகர்கிறது. அப்படியானால் தள்ளப்படும் எண்ணெய் எங்கே போகிறது? மேல் பம்பில் எண்ணெயைக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வாஷரைத் தாண்டி உள்ளேயே திரும்பிப் போகலாம்; குழாயில் காற்று இருக்கலாம்; ரப்பர்க் குழாய் ஊதிப் பருக்கலாம்.

கிண்ணத்தைத் திறந்து முகர்ந்தேன். பிரேக் எண்ணெய்க்கு ஒரு தனி வாசனை உண்டு, அது இல்லை. மேற்பரப்பில் மெல்லிய செந்நிறச் சாயல். மாஸ்டரின் மனைவி கொண்டுவந்து வைத்த தேநீரைக் குடித்து முடித்து, அந்தக் கண்ணாடிக் குவளையைக் கழுவி, பாதிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். சிரிஞ்சினால் கிண்ணத்தின் மேற்பரப்பிலிருந்து சிறிது எடுத்து அதில் விட்டேன். பிரேக் எண்ணெய் கிளைக்கோல் வகையைச் சேர்ந்தது, தண்ணீரோடு கலந்துவிடும். குவளையில் விட்டது கலக்கவில்லை. வளையம் வளையமாக மேலே மிதந்தது.

"மாஸ்டர், இதில் வேறு எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கிறதா?"

அவர் யோசித்தார். "மூன்று மாதம் முன்பு கிண்ணத்தில் குறைந்திருந்தது. என் மருமகன் லொறிக்கு வாங்கி வைத்திருந்த பவர் ஸ்டியரிங் எண்ணெய் கொஞ்சம் ஊற்றினார். எல்லாம் எண்ணெய்தானே என்று நானும் இருந்துவிட்டேன்" என்றார்.

அங்கேதான் எல்லாக் கண்ணிகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. பிரேக், கிளட்ச் பம்புகளின் வாஷர்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை. கிளைக்கோல் எண்ணெயில் அது பல ஆண்டுகள் நன்றாக இருக்கும். கனிம எண்ணெய் பட்டால் ஊறி வீங்கிவிடும். பவர் ஸ்டியரிங் எண்ணெய்க்கு ஒத்துப்போவது நைட்ரைல் ரப்பர். அது வேறு இனம். இரண்டு எண்ணெய்களும் பார்வைக்கு ஒரே குடும்பம்போல் தெரிந்தாலும், ஒன்றுக்கு உணவு மற்றதற்கு நஞ்சு.

இன்னொரு கேள்வி எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது: மூன்று மாதம் முன்பு கிண்ணத்தில் ஏன் குறைந்தது? கிளட்ச் தட்டு தேயத் தேயக் கீழ் பம்பின் பிஸ்டன் உள்ளே தள்ளப்படும். அதனால் கிண்ணத்தில் மட்டம் குறையாது, ஏறத்தான் செய்யும். ஆகவே கிளட்ச்சின் கிண்ணத்தில் மட்டம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்றே பொருள். கீழ் பம்பின் ரப்பர் உறையை விரலால் விலக்கினேன். உள்ளே துருக் கலந்த பழுப்பு ஈரம். அதுதான் ஆதி ஒழுக்கு. வெளியே சொட்டும் அளவுக்கு இல்லாமல் உறைக்குள்ளேயே தங்கியிருந்தது. கனிம எண்ணெய் ஊற்றியதும் வாஷர்கள் வீங்கி அந்த ஒழுக்கைத் தற்காலிகமாக அடைத்துவிட்டன. 'ஊற்றியதும் நின்றுவிட்டதே' என்று எல்லோரும் நிம்மதி அடைந்திருக்கிறார்கள். அதே வீக்கம் அடுத்த வாரங்களில் வாஷர்களின் உதட்டைச் சிதைத்து, மேல் பம்பின் பிஸ்டன் முழுவதும் பின்னால் வராதபடி இறுக்கிவிட்டது. பிஸ்டன் பாதி வழியிலிருந்து புறப்பட்டால், ஒரு மிதியில் பாதி எண்ணெய்தான் கீழே போகும்.

உடனே பிரேக் கிண்ணத்தையும் திறந்து அதே குவளைச் சோதனையைச் செய்தேன். அந்தச் சில வினாடிகள் என் நெஞ்சு படபடத்தது. நானுஓயாவிலிருந்து றதல்லப் பக்கம் இறங்கும் செங்குத்துப் பாதையில் பிரேக் வாஷர் வீங்கிய கார் ஒன்றை நினைத்துப் பாருங்கள். துளி தண்ணீரில் கரைந்தது. மருமகன் கிளட்ச் கிண்ணத்தில் மட்டுமே ஊற்றியிருந்தார்.

திருத்தம்

கனிம எண்ணெய் பட்ட அமைப்பில் ஒரு வாஷரை மட்டும் மாற்றுவது பயனற்றது. பழைய எண்ணெய் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு இடமும் புதிய ரப்பரையும் கெடுக்கும். மேல் பம்பின் வாஷர் தொகுதி, கீழ் பம்பு, ரப்பர்க் குழாய், கிண்ண மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு ஆகிய எல்லாவற்றையும் மாற்றத் தீர்மானித்தேன். வாஷர் தொகுதி ஹட்டனில் கிடைத்தது. கீழ் பம்பும் ரப்பர்க் குழாயும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வரவேண்டியிருந்தது. மூன்று நாள் கழித்து மறுபடி அக்கரப்பத்தனைக்குப் போனேன்.

மேல் பம்பைக் கழற்றி, புது வாஷரையும் பழைய வாஷரையும் முற்றத்துக் கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையது ஊறவைத்த கடலைபோல் பருத்து, விரலுக்கிடையில் வழுக்கியது. மாஸ்டர் அதைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். பம்பின் உட்சுவரை விரலால் தடவினேன், வழவழப்பாக இருந்தது. ஆகவே உடலை வைத்துக்கொண்டு வாஷர்களை மட்டும் மாற்றலாம். கீழ் பம்பின் உட்சுவர் அப்படியில்லை. அடிப்பக்கத்தில் அம்மைத் தழும்புபோலத் துருக்குழிகள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் இந்த உயரத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். அப்படிச் சேர்ந்த ஈரம் பம்பின் உட்சுவரைத் தின்கிறது. குழி விழுந்த சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது வாஷர் போடுவதை நான் செய்வதில்லை. சில மாதங்களில் அதே குழி புது வாஷரை அரித்துவிடும்.

ரப்பர்க் குழாய் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தது. கழற்றுவதற்கு முன் மாஸ்டரை மிதிக்கச் சொல்லி, இரு விரலால் அதைப் பிடித்துப் பார்த்தேன். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் விரலுக்குள் பருத்தது. காணாமற் போன மில்லிமீற்றர்களில் சில அங்கே ஒளிந்திருந்தன.

இரும்புக் குழாயையும் பம்பின் உடலையும் கழுவ ஸ்பிரிட் மட்டுமே பயன்படுத்தினேன். பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் இந்தப் பாகங்களின் அருகே வரக்கூடாது. நோயை மருந்தென்று ஊற்றுவது போலாகிவிடும். மூன்று முறை கழுவி, சைக்கிள் பம்பினால் காற்றடித்து உலர்த்தி, நான்காம் முறை குழாயிலிருந்து வந்ததைக் குவளைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். மேலே எதுவும் மிதக்கவில்லை. அதன்பிறகே வாஷர்களைப் புதிய பிரேக் எண்ணெயில் நனைத்துப் பொருத்தினேன். மூடி உடைக்கப்படாத டொட் 3 தரப் பிரேக் எண்ணெய்ப் புட்டி ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் புட்டியை நான் பயன்படுத்துவதில்லை.

காற்றை வெளியேற்றுவதில் வழக்கமான முறை, ஒருவர் மிதிக்க மற்றவர் கீழ் பம்பின் சிறு திருகைத் திறந்து மூடுவது. முழுவதும் காலியான அமைப்பில் அது பொறுமையைச் சோதிக்கும். மேல் பம்பின் அருகே ஒரு குமிழ் தங்கிவிடும். காற்று மேலே ஏறத்தான் விரும்புகிறது. அதன் போக்கிலேயே விட்டேன்: பெரிய சிரிஞ்சில் எண்ணெய் நிரப்பி, சிறு குழாயால் கீழ் பம்பின் திருகோடு இணைத்து, கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளினேன். மாஸ்டர் கிண்ணத்தின் மேல் குனிந்து, "வருகிறது தம்பி, குமிழ் வருகிறது" என்று பிள்ளையைப்போல் சொல்லிக்கொண்டிருந்தார். குமிழ் நின்றபின் வழக்கமான முறையில் நான்கைந்து முறை செய்து முடித்தேன். பிரேக் எண்ணெய் வண்ணப்பூச்சைத் தின்றுவிடும் என்பதால் சிந்திய இடங்களில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

அளவுகோலை மறுபடி பிடித்தேன். 12க்கும் 13க்கும் நடுவே நின்றது. ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கச் சொன்னேன், அசையவில்லை. என்ஜினைக் கிளப்பி, ஐந்து வினாடி பொறுத்து, ரிவர்ஸுக்குத் தள்ளினேன். சத்தமின்றி விழுந்தது. மாஸ்டர் மனைவியைக் கூப்பிட்டு இன்னொருமுறை போட்டுக் காட்டச் சொன்னார்.

கிளம்பும் முன் பிரேக் எண்ணெயையும் முழுவதும் மாற்றிவிட்டேன். அதில் கனிம எண்ணெய் இல்லை. ஆனால் நிறம் தேநீர்போல் கறுத்திருந்தது. புதிய டொட் 3 எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைவரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் அந்தச் சூடு எட்டக்கூடியதே. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று மலைப்பாதையில் ஓடும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

மறுநாள் காலை

வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். மறுநாள் காலை ஆறரைக்கு மாஸ்டர் அழைத்தார். "சத்தமில்லை தம்பி. ஆனால் முதல் கியரும் இரண்டாம் கியரும் முரண்டு பிடிக்கின்றன. லிந்துலை போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடுகிறது."

குறிப்பேட்டில் அடிக்கோடிட்ட சொல் நினைவுக்கு வந்தது. இறுக்கம். என்ஜின் நின்றிருந்தபோதே கியர்கள் இறுக்கமாகத்தான் விழுந்தன. கிளட்ச் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. என்ஜின் ஓடாதபோது கிளட்ச் விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதான். குளிரில் இறுக்கம், சூடேறினால் இளக்கம் என்றால் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்த வாரம் அவரே காரை ஓட்டிக்கொண்டு தலவாக்கலைக்கு வந்தார். வடிகால் திருகைத் தொடுவதற்கு முன் நிரப்பும் திருகு கழல்கிறதா என்று பார்த்தேன். பழைய எண்ணெயை வடித்துவிட்டு நிரப்பும் திருகு கழலாமல் நிற்பது எந்தக் கராஜுக்கும் நேரக்கூடாத நிலை. பிறகு வடித்தேன். பனைவெல்லப் பாகுபோல் மெதுவாக, கயிறாக இறங்கியது. கேட்டபோது, ஓராண்டுக்கு முன் சர்வீஸ் செய்த இடத்தில் பெட்டியின் சத்தம் குறையும் என்று 140 தர எண்ணெய் ஊற்றியதாகச் சொன்னார். கொழும்பு வெயிலில் அது எப்படியோ ஓடிவிடலாம். இங்கே, இரவில் பத்துப் பாகையை ஒட்டி இறங்கும் குளிரில், அந்தத் தடித்த எண்ணெயைப் பிழிந்து விலக்கிவிட்டுத்தான் பித்தளை வளையங்கள் கியரைப் பற்ற வேண்டும். அதுவரை கம்பி முரண்டு பிடிக்கும். சத்தம் குறைந்ததற்கு விலை அது.

வடிந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்தேன். திருகின் காந்த முனையில் மாவுபோல் மெல்லிய இரும்புத்தூள். அந்த வயதுக்கு அது இயல்பு. பல் உடைந்த துண்டோ பித்தளைச் சிதறலோ இல்லை. முப்பது ஆண்டுக் கியர் பெட்டி உள்ளே நலமாக இருந்தது. குளிரிலும் இளகி ஓடும் 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தர எண்ணெய் இரண்டு லீற்றருக்குச் சற்றுக் குறைவாக ஊற்றினேன். நிரப்பும் துளையில் வழிந்ததும் நிறுத்தினேன். கடையில் ஜிஎல்-5 தான் முதலில் எடுத்துக் கொடுத்தார்கள், எண் கூடியதால் மேலானது என்று. அதில் சேர்க்கப்படும் கந்தக, பொசுபரசுப் பொருள்கள் சில வகைகளில் பித்தளையை மெல்ல அரிக்கக்கூடியவை. அதனால் இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு நான் ஜிஎல்-4 ஐயே தேடி வாங்குகிறேன்.

முன்பு பார்த்தவரின் தவறு எங்கே தொடங்கியது என்று அன்றுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. அவர் கம்பியைப் பிடித்தபோது இரண்டு கோளாறுகளும் ஒரே நேரத்தில் கையில் தட்டுப்பட்டிருக்கின்றன: நின்றாலும் இறுக்கம், ஓடினால் மறுப்பு. இரண்டையும் சேர்த்து ஒன்றாக எண்ணினால் 'பெட்டி போய்விட்டது' என்றுதான் தோன்றும். பிரித்துப் பார்த்தால் ஒன்று மூன்று மாதத்துக் கதை, மற்றது ஓராண்டுக் கதை. அவரைத் தேடிப் போய், வீங்கிய வாஷரையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அந்த வாஷரை அவர் தன் கருவிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் சேர்த்து ஆன செலவு, பழைய பெட்டிக்குக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. மருமகன் இப்போது பவர் ஸ்டியரிங் எண்ணெய்ப் புட்டியின் மேல் சிவப்பு நாடா ஒட்டி வைத்திருக்கிறாராம்.

நவம்பரில் கிளினிக் முடிந்து திரும்பும் வழியில் இருவரும் கராஜுக்கு வந்தார்கள். தேநீர் வாங்கி வரச் சொல்லிவிட்டு அளவுகோலை எடுத்தேன். ஜூலையில் நின்ற இடத்திலேயே நின்றது. கிண்ணத்தில் மட்டம் இறங்கவில்லை. சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்து, குடித்து முடித்த குவளையைக் கழுவித் தண்ணீர் பிடித்து, அதில் விட்டேன். மூவரும் குனிந்து பார்த்தோம். கரைந்துவிட்டது.